உபயம்: உத்திராபதி

பங்காளிக் காய்ச்சல் கண்ணையனுக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் அது முற்றி நெஞ்சுவரைக்கும் ஏறியது போன சித்திரையில்தான்.

எதிர்வீட்டு உத்திராபதி அவருக்குச் சித்தப்பா மகன். கண்ணையனை விட ஆறு நாள் இளையவன். ஆறு நாளானாலும் அண்ணன் அண்ணன்தானே? ஐம்பத்து நான்கு வருஷத்தில் அவன் ஒருதரம்கூட வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டதில்லை. "என்னய்யா" என்பான், "யோவ்" என்பான், அவசரமென்றால் கையைத் தட்டுவான். இதையெல்லாம்கூடக் கண்ணையன் பொறுத்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் போனது கேமரா விஷயம்.

திருமானூர் ரோடும், திருமழபாடி போகிற ரோடும், கீழநெடுங்கரைத் தெருவும் கூடுகிற முச்சந்தியில் கண்காணிப்புக் கேமரா வைக்கப் போலீஸ் பக்கமிருந்து உபயதாரர் கேட்டார்கள். கோயில் குழல்விளக்குக்கும், பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சுக்கும் பேர் எழுதிக் கொடுக்கிற ஊர் அது. கண்ணையன் யோசித்து முடிப்பதற்குள் உத்திராபதி கொடுத்துவிட்டான். திறப்பு விழா நடந்தது. ஓர் அதிகாரி வந்து ரிப்பன் வெட்டி, "இனி இந்த முச்சந்தியில் ஒரு கொசு பறந்தாலும் அதன் இறக்கை எங்கள் திரையில் தெரியும்" என்று பேசினார். உத்திராபதிக்குப் பொன்னாடை போட்டார்கள். மறுநாள் பேப்பரில் அதிகாரி பாதியும் உத்திராபதி முழுசுமாகப் படம் வந்தது.

கேமராவை விடப் பெரிதாக ஒரு தகரப் போர்டும் வந்தது. பெரம்பலூரில் கொடுத்து எழுதிய போர்டு. "உபயம்: உத்திராபதி, த/பெ ஆண்டவர், கீழநெடுங்கரை." வருகிறவனும் படிக்கவேண்டும் போகிறவனும் படிக்கவேண்டும் என்று இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்து. கம்பத்தில் ஏறின எலெக்ட்ரீசியன், எங்கே மாட்டுவது என்று மேலிருந்து கேட்டான். "நல்லா தெரியற எடமா பாத்து மாட்டுப்பா" என்றான் உத்திராபதி. அவனும் அப்படியே மாட்டினான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கேமரா எங்கே என்று தேடவேண்டும். பேரைத் தேடவேண்டியதில்லை.

அன்றிலிருந்து கண்ணையன் வீட்டுக்குள் போவதும் வருவதும் தலையைக் குனிந்துகொண்டுதான். நிமிர்ந்தால் உத்திராபதி. டீக்கடையில் உட்கார்ந்தால் எதிரே உத்திராபதி. பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் ஊர் பேரைப் படிப்பதற்கு முன்னால் உத்திராபதி பேரைப் படிக்கிறான். ஒருநாள் வெளியூர்க்காரன் ஒருவன் கண்ணையனிடமே, "உத்திராபதிங்கறது இந்த ஊர் எம்.எல்.ஏ.வாங்க?" என்று கேட்டான். அன்று ராத்திரி கண்ணையன் சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில்தான் மாடு காணாமல் போனது.

அது கண்ணையன் மனைவி சிந்தாமணியின் மாடு. தா.பழூரிலிருந்து அவள் அண்ணன் சீர்வரிசையாக ஓட்டிக்கொண்டுவந்து கட்டிய செவலைப் பசு. வால் நுனியில் மட்டும் வெள்ளைக் குஞ்சம். ஆறு மாசக் கன்று வேறு. தை மாசத்து வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, கேமராக் கம்பத்துக்குக் கீழே புல் நிறைய இருக்கிறதே என்று பசுவை அங்கே முளையடித்துக் கட்டிவிட்டு, ஒரு வாய் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போனால் முளை இருந்தது, மாடு இல்லை. பட்டப்பகல்.

சிந்தாமணி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். கன்று தொழுவத்தில் கத்தியது. அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு மூளை வேலை செய்தது.

"ஏங்க, அதான் கேமரா இருக்குல்ல? அதுல பாத்தா எவன் ஓட்டிக்கிட்டுப் போனான்னு தெரிஞ்சுடுமுல்ல? போயிக் கேளுங்க!"

மாடு போனதற்குக் கண்ணையனும் வருத்தப்பட்டார். ஆனால் அந்த வருத்தத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. போயும் போயும் உத்திராபதி கேமராவின் தயவிலா மாடு கிடைக்கவேண்டும்? கிடைத்துவிட்டால் ஆயுசு முழுக்க அவன் அதைச் சொல்லிக் காட்டமாட்டானா?

ஸ்டேஷனில் ஏட்டு கலைச்செல்வன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கீழநெடுங்கரை முச்சந்தியிலயா? வாய்ப்பே இல்லயே பெரியவரே. குற்றமில்லா முச்சந்தின்னு கேடயம் வாங்கினது அது. அந்தா பாருங்க." கண்ணாடி பீரோவுக்குள் கேடயம் இருந்தது. "கேமரா வச்ச நாள்லேருந்து அங்க ஒரு குத்தம்கூடப் பதிவாகல."

"பதிவாகலன்னா நடக்கலன்னு அர்த்தமுங்களா?"

"கேமராவ நம்பாம ஒங்கள நம்பச் சொல்றீங்களா?"

மாடு தன் விருப்பத்தின் பேரில் வெளியூர் சென்றிருக்கலாம் என்றும் தேடப்படும் என்றும் எழுதி ஒரு ரசீது கொடுத்தார் ஏட்டு. "கேமராவுல பாக்கணும்னா அது எங்க கையில இல்ல. டவுன்ல கண்காணிப்புக் கண் ஒருங்கிணைப்பு ஆபீசுன்னு தனியா ஒண்ணு இருக்கு. தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க."

திருமானூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற மேகலா மனுவைத் தட்டினாள். முதல் கேள்வி சிந்தாமணியுடையது: இன்ன தேதி, இன்ன நேரம், செவலைப் பசுவை ஓட்டிப் போனவர் யார்? காட்சி வேண்டும். "அவ்வளவுதான மாமா?" என்றாள் மேகலா. "இரும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் கண்ணையன். உபயதாரராக உத்திராபதி எந்த அடிப்படையில் தேர்வு செய்யப்பட்டார்? அதற்கான குறைந்தபட்சத் தகுதி என்ன? வயதில் மூத்தவர் அதே தெருவில் இருப்பது கருத்தில் கொள்ளப்பட்டதா? பேர் எழுதும் எழுத்தின் உயரத்துக்கு அரசாணை உண்டா? பொன்னாடையின் நிறம் என்ன?

மேகலா கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, பத்துக் கேள்வியில மாடு ஒண்ணுல இருக்கு. உத்திராபதி மாமா ஒம்போதுல இருக்காரு."

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்தாம்மா. நீ தட்டு."

முப்பதாம் நாள் பதில் வந்தது. அரசாங்கம் சொன்ன நாளில் ஒன்றைச் செய்தால் அதில் ஏதோ இருக்கிறதென்று அர்த்தம். இருந்தது.

"கண்ணையன் என்பார் அளித்த மனு பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் குறிப்பிடும் இடத்தில் கேமரா உள்ளதா இல்லையா என்பதைத் தெரிவிப்பது, உள்ளபட்சத்தில் அக்கேமராவின் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவிக்கும். கேமராக் காட்சிகள் பதினைந்து நாளில் அழிக்கப்படும். மனுக்களுக்கு முப்பது நாளில் பதிலளிக்கப்படும். இரண்டும் விதிப்படியே நடைபெறுகின்றன. மேலும், இருக்கக்கூடிய அக்கேமராவில் மூன்றாம் தரப்பினர் ஒருவரின் பெயர் சம்பந்தப்பட்டுள்ளதால் அன்னாரின் சம்மதம் கோரப்பட்டுள்ளது."

சிந்தாமணி இதை மேகலாவைப் படிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள். "இருக்கா இல்லியான்னு தெரியாத கேமராவுக்கா ரிப்பன் வெட்டுனாங்க?" என்றாள். கண்ணையன் காதில் அது விழவில்லை. அதே தபால்காரர் அதே நாளில் எதிர்வீட்டுக்கும் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். உத்திராபதி அதைத் தெருவில் நின்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"மதிப்பிற்குரிய திரு. ஆ. உத்திராபதி அவர்களுக்கு, வணக்கம்…"

கண்ணையன் தன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மதிப்பிற்குரிய இல்லை. திரு இல்லை. அவர்கள் இல்லை. வணக்கம்கூட இல்லை. காசு கொடுத்து ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டவன் "என்பார்"; சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தவன் "அவர்கள்". மேல்முறையீடு செய்வதென்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். மாடு கிடைக்கும் என்று சிந்தாமணி மறுபடியும் நம்பினாள்.

மேல்முறையீட்டு விசாரணை பங்குனியில் வந்தது. மூன்றாம் தரப்பினரும் ஆஜராகவேண்டும் என்று உத்தரவு. திருமானூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். உத்திராபதி சலவை வேட்டியும் அந்தப் பழைய பொன்னாடையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தான். கண்ணையன் சிமெண்ட் லாரிகளின் புழுதியை முகத்தில் வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நின்றார். "யோவ், இங்க எடம் இருக்கு, வந்து ஒக்காரு" என்றான் உத்திராபதி. அண்ணே என்று கூப்பிட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

மேல்முறையீட்டு அலுவலர் தங்கசாமி நல்ல மனிதர். டீ வரவழைத்தார். இருவருக்கும்தான், ஆனால் உத்திராபதிக்குக் கோப்பையும் சாசரும் வந்தன, கண்ணையனுக்குப் பேப்பர் கப் வந்தது.

"மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க பெரியவரே," என்று ஆரம்பித்தார் தங்கசாமி. "வெளிப்படைத்தன்மைங்கறது எங்க ஆபீசோட உயிர் மூச்சு. அதனாலதான் அதக் கையில புடிச்சு வச்சிருக்கோம். உயிர் மூச்ச யாராவது வெளிய விட்டுட்டு ஒக்காந்திருப்பாங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம்? எத்தன கேமரா இருக்குன்னு கேக்கறாங்க. சொன்னா திருடன் எண்ணி வச்சிக்குவான். எங்க இருக்குன்னு கேக்கறாங்க. சொன்னா அந்தப் பக்கம் வராம போயிடுவான். அவன் வந்தாதான நாம புடிக்க முடியும்?"

"கம்பத்துக்குக் கம்பம் போர்டு தொங்குதுங்களே ஐயா?"

"போர்டு வெளிப்படைத்தன்மை. கேமரா ரகசியம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க." தங்கசாமி மேஜை மேலிருந்த இன்னொரு கேடயத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். "ஒங்க ஊரு கேமராப் பதிவ மட்டும் நாங்க அழிக்கறதில்ல. விருது வாங்கின கேமரா. புதுசா வர்றவங்களுக்கு, குத்தம் நடக்காத எடம் எப்படி இருக்கும்னு காட்ட அதத்தான் போட்டுக் காட்டறோம். பிரதி தரமுடியாது. மூன்றாம் தரப்பினர் சம்மதிச்சா நேர்ல பாத்துக்கலாம்."

இருவரும் உத்திராபதியைப் பார்த்தார்கள். உத்திராபதி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தான். தன் கேமராவில் என்ன தெரிகிறது என்று தானும் பார்க்கவேண்டும் என்கிற ஆசை ஜெயித்தது. "சம்மதம்" என்றான். பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டோம், பார்த்தோம் என்பதையும் சொல்லமாட்டோம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

உள் அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரைகள். கலையரசி என்கிற பெண் போலீஸ் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் டீக்கடை. ஒன்றில் நாய். ஒன்றில் ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டிருந்தான். கண்ணையன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து நாற்பதாவது திரையில் நின்றார்.

வெள்ளைத் தகரம். சிவப்பு எழுத்து. உபயம்: உத்திராபதி, த/பெ ஆண்டவர், கீழநெடுங்கரை.

திரை முழுக்க அதுதான். ரோடு இல்லை, தெரு இல்லை, வானம்கூட இல்லை.

"பாத்தீங்களா, என்ன ஒரு அமைதி!" என்றார் தங்கசாமி.

எலெக்ட்ரீசியன் சொன்னபடி கேட்கிற பிள்ளை. நல்லா தெரியற எடம் என்றார்கள். கேமராவுக்கு நல்லா தெரியற இடமாகவே மாட்டியிருந்தான்.

கலையரசி தை மாசத்து வியாழக்கிழமையைப் போட்டார். மணி ஒன்றே முக்கால்: உத்திராபதி. இரண்டு: உத்திராபதி. இரண்டு பத்துக்குக் காற்று ஒன்று அடித்திருக்கவேண்டும், போர்டு லேசாக மேலே தூக்கியது. அடியில் விரற்கடை இடைவெளி. அதில் ஒரு சிவப்பு வால், நுனியில் வெள்ளைக் குஞ்சம், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. பின்னாலேயே கட்டம்போட்ட கைலியின் ஓரம். போர்டு மறுபடியும் இறங்கிவிட்டது.

"சார், வாலு!" என்றார் கலையரசி.

"நெழலும்மா அது," என்றார் தங்கசாமி.

அது தன் வீட்டு மாடுதான் என்று கண்ணையனுக்குத் தெரிந்தது. கன்றுக்குப் பால் விட்டுக்கொண்டிருந்த மாடு, யாரோ ஒருவன் ஓட்ட, சத்தமில்லாமல் நடந்துபோயிருக்கிறது. "ஐயா" என்று எழுந்தே விட்டார். அந்த நேரம் பார்த்துக் கலையரசி உத்திராபதியிடம், "சார், நீங்கதான் அவரா? எங்க எல்லாருக்கும் ஒங்க பேரு மனப்பாடம் சார். கண்ண மூடினாலும் தெரியுது. போன மாசம் மெட்ராஸ்லேருந்து வந்த பெரிய அதிகாரிகூட, யாருய்யா இந்த உத்திராபதின்னு கேட்டாங்க" என்றார்.

உத்திராபதி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

கண்ணையனுக்கு மாடு மறந்து, பழைய காய்ச்சல் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. ஊர் முச்சந்தியில்தான் இவன் பேர் என்று நினைத்திருந்தோமே! ஓராண்டாக, பகல் இரவென்று பாராமல், ஒரு மாவட்டத்தின் போலீஸே உட்கார்ந்து இவன் பேரைப் படித்துக்கொண்டிருக்கிறதே! சித்தப்பா பேரும் அல்லவா வருகிறது! எங்கப்பன் பேரை எவன் படித்தான்?

அவர் வாய் பிளந்து நிற்பதைத் தங்கசாமி வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். இது பேப்பருக்குப் போனால் கேடயம் இரண்டும் போய்விடும். கண்ணையனின் தோளில் கைபோட்டுத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். முதன்முறையாகப் "பெரியவரே" போய் "ஐயா" வந்தது.

"கண்ணையன் ஐயா, நாப்பத்தொண்ணாம் நம்பர் திரை காலியாத்தான் இருக்கு. அது மத்ததவிட ரெண்டு இஞ்ச் பெருசு."

கண்ணையன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களும் ஒரு கேமரா உபயம் பண்ணுங்களேன். அதே முச்சந்தியில. திறப்பு விழாவுக்கு நானே வரேன்."

"பொன்னாடை?"

"பட்டுலயே போட்டுடுவோம்."

கேட்ட தகவல் முழுமையாகக் கிடைத்தது, முழுத் திருப்தி என்று எழுதிய தாளில் கண்ணையன் கையெழுத்துப் போட்டார். அதில் அவர் பேருக்கு முன்னால் "திரு" இருந்தது.

வீட்டுக்கு வந்தவரைச் சிந்தாமணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மாடு தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல புள்ள." வாலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. ஆனால் போர்டு வெளிப்படை, கேமரா ரகசியம் என்று தங்கசாமி சொன்னதையும், நாற்பத்தொன்றாம் நம்பர் திரை இரண்டு இஞ்ச் பெரியது என்பதையும் மட்டும் டீக்கடையில் தொடங்கி தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அந்தத் திரை எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் திருமழபாடியில் நந்தி கல்யாணம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று கல்யாணமாகாத பிள்ளைகள்தான் அதற்குக் கூட்டமாகப் போகும். சிந்தாமணியும் போனாள். "ஆபீசுக்காரங்க கைய விரிச்சுட்டாங்க. மாட்டு மேல ஏறுற சாமிகிட்டயே கேட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கன்றுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது தொழுவத்தில் கயிறு மட்டும் கிடந்தது.

"அதயும் எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான் போல," என்றார் கண்ணையன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் அழவில்லை. கயிற்றை எடுத்துப் பார்த்தாள். அறுக்கப்படவில்லை, அவிழ்த்திருந்தது. வீட்டுக்காரர் போடுகிற அதே முடிச்சை, வீட்டுக்காரர் அவிழ்க்கிற அதே பக்கத்திலிருந்து. மூன்றாம் நாள் பெரம்பலூரிலிருந்து போர்டு வந்து இறங்கியது. அது எந்தப் பணத்தில் வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

திறப்பு விழா அமோகமாக நடந்தது. தங்கசாமி ரிப்பன் வெட்டினார். பட்டுப் பொன்னாடை போட்டார். "இனி இந்த முச்சந்திக்கு இரண்டு கண்கள்" என்று பேசினார். எலெக்ட்ரீசியன் கம்பத்தின் மேலிருந்து எங்கே மாட்டுவது என்று கேட்டான். "அவனுது எங்க இருக்கோ அதேமாதிரி," என்றார் கண்ணையன், "இன்னும் கொஞ்சம் கிட்டக்க." உபயம்: திரு. கண்ணையன் அவர்கள், த/பெ அரியமுத்து, கீழநெடுங்கரை. இரண்டு பக்கமும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உத்திராபதி வந்தான். காய்ச்சல் கண்டவன்போல முகம் வெளுத்திருந்தது. போர்டை அண்ணாந்து பார்த்தான், "திரு"வைப் பார்த்தான், "அவர்கள்"ஐப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அண்ணே," என்றான். "ஒங்க போர்டு எம் போர்ட மறைக்குதுண்ணே. கொஞ்சம் ஒதுக்கிக் கட்டச் சொல்லக் கூடாதா?"

அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் கண்ணையன் காதில் ஏறவில்லை. ஐம்பத்து நான்கு வருஷம்! ஒன்றுக்கு இரண்டு அண்ணே! இதை உடனே சிந்தாமணியிடம் சொல்லவேண்டும் என்று திரும்பினார்.

சிந்தாமணி, கேமரா முகத்துக்கு நேரே தொங்குகிற போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேடைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் மனு, ஒரு கையில் கன்றுக்குட்டிக் கயிறு.

"சார், எங்கண்ணன் எனக்குக் குடுத்த சீர் மாட்டோட கன்னுக்குட்டி. காணுமுங்க. திருட்டு."

தங்கசாமி மைக்கைக் கையால் மூடினார். "இந்த முச்சந்தியிலயாம்மா? கேமராவுல ஒண்ணும் விழலியே."

"விழுந்திருக்குங்க. நாப்பத்தொண்ணாம் நம்பர்ல. திருடுனவன் பேரு, அவன் அப்பன் பேரு, ஊரு, எல்லாம் தெளிவா விழுந்திருக்கு. அதும் ரெண்டு இஞ்ச் பெருசா."

"அந்தக் காட்சியெல்லாம் ரகசியம்மா…"

"கேமராதான ரகசியம்? போர்டு வெளிப்படைன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. இங்கேருந்தே பாத்துக்கங்க."

கூட்டம் மொத்தமும் அண்ணாந்தது. உத்திராபதி எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, வாய் நிறையப் படிக்க ஆரம்பித்தான்.